மழையோடு நடந்த 14 மனைகள்: தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவில் எங்கள் சந்தின் மழைநீர் அழுக்கோடு ஆற்றில் இறங்குவதைக் குறைக்க நாங்கள் போட்ட முதல் கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். இருவர் எங்கள் குழுவில் உள்ளவர்களின் மனைவிமார். ஒருவர் பக்கத்துக் கடைக்கு வந்து மழைக்கு ஒதுங்கியவர். மீதி மூன்று பேருக்காகக் குழுவில் இருந்த ஒரு தம்பி அழகான சுவரொட்டி செய்து வைத்திருந்தார். தெளிந்த ஓடை, அதில் ஒரு மீன், கீழே 'உங்கள் வீட்டு மழைநீர்தான் எங்கள் வீடு' என்று ஒரு வரி. மூவரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் கேட்டது இதைத்தான்: லோங்காங்கை (வடிகாலை) எப்போது தூர்வாருவார்கள்? கரையான் மருந்து எத்தனை வருடம் தாங்கும்? மழைநீரைத் தேக்கினால் ஏடிஸ் கொசு வந்து 500 வெள்ளி அபராதம் கட்ட வைப்பார்களே, அதை யார் கட்டுவது?

மீனைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் இரண்டரை வருடம் ஒரு சந்தில் என்ன செய்தோம், எதில் வழுக்கினோம் என்பதை எழுதி வைக்கச் சொன்னார்கள். நான் வடிகால் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தில் பேசி ஆளைச் சேர்க்கிற கலை எனக்கு வராது. இந்தச் சந்தில் கற்றுக்கொண்டதெல்லாம் அறுபது வயதுக்கு மேல் கற்றது.

நீர் போகும் வழி

எங்கள் சந்து தண்ணீர்மலைச் சாலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மேலே தாவரவியல் பூங்கா. 1884இல் தொடங்கிய பூங்கா அது. அதன் நடுவே இறங்கி வருகிறது ஆயர் தெர்ஜுன் ஆறு. அருவி ஆறு என்று பொருள். பூங்காவுக்குள் பாறைகளுக்கு நடுவே தெளிவாக ஓடும் அதே ஆறு, ஊருக்குள் வந்து ஆயர் ஈத்தாம் ஆற்றோடு சேர்ந்து சுங்கை பினாங்காகிக் கடலுக்குப் போவதற்குள் நிறமும் மணமும் மாறிவிடுகிறது. இடையில் உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். காலையில் பூங்காவில் நடைப்பயிற்சி போய்விட்டு மாலையில் பி. ரம்லி சாலைப் பக்கம் போகிறவருக்கு இரண்டும் ஒரே தண்ணீர் என்று சொன்னால் நம்ப மாட்டார்.

முதல் வருடம் முழுக்க எங்களை இடறியது ஒரு தவறான நம்பிக்கை. லோங்காங் தண்ணீர் எங்கேயோ போய்ச் சுத்தமாகிறது என்று 14 மனைகளில் பத்துக்கு மேற்பட்டவர்கள் நினைத்திருந்தார்கள். தீவில் கழிவறை நீருக்குத் தனிக் குழாய் உண்டு. அது ஜெலுத்தோங் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீருக்கு அப்படி ஒரு நிலையமே கிடையாது. கூரையிலிருந்து இறங்கும் குழாய், வீட்டு முன் லோங்காங், சந்து முனையில் பெரிய லோங்காங், அப்புறம் ஆறு. போர்ச்சில் காடி (கார்) கழுவிய நுரை, புது டைல்ஸ் போட்டபோது கழுவிவிட்ட சிமெண்டுப் பால், வாசலில் தேய்த்த சோப்பு, எல்லாம் அதே வழி. நடுவில் ஒரு வடிகட்டிகூட இல்லை.

சந்தின் கணக்கு இது. தரை வீடு ஒன்றின் மனை 20 அடிக்கு 70 அடி, அதாவது ஏறத்தாழ 130 சதுர மீட்டர். எங்கள் பக்கம் முன்னும் பின்னும் சிமெண்டு பூசாத வீடு அபூர்வம். மண் இருந்தால் புல் வளரும், புல் வளர்ந்தால் பாம்பு வரும், அதனால் பூசிவிடு. 50 மி.மீ. மழை இங்கே ஒரு மாலை நேர விஷயம். அவ்வளவு பெய்தால் ஒரு மனையிலிருந்து 6,500 லிட்டர் ஓடுகிறது. 14 மனைக்கு 91,000 லிட்டர், ஒன்பது தண்ணீர் லாரி. எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். இந்தப் பழைய சந்து வெட்டப்பட்ட காலத்தில் முற்றமெல்லாம் மண்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா கையேடு 2001இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2012இல் இரண்டாம் பதிப்பு வந்தது. புதிதாக வீடமைப்பு கட்டுகிறவர் தன் மனையின் மழைநீரைத் தன் எல்லைக்குள்ளேயே தாமதப்படுத்தி, தூய்மைப்படுத்தி அனுப்ப வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நல்ல கையேடு. என் வேலை நாளில் பாதி அதோடு போனது. ஆனால் ஏற்கெனவே நிற்கும் வீட்டை அது ஒன்றும் கேட்பதில்லை. பழைய சந்துகளில் என்ன நடந்தாலும் அது நிலச் சொந்தக்காரர் மனமுவந்து செய்ததாகத்தான் இருக்கும்.

மீன்

சுவரொட்டியில் இருந்த மீன் எங்கள் மீன்தான். பெட்டா பக்னாக்ஸ், சண்டை மீன் இனம். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியடோர் கேண்டர் 1849இல் இதைப் பதிவு செய்தபோது கையில் இருந்தது பினாங்கில் பிடித்த மீன். அறிவியல் உலகுக்கு இது பினாங்கிலிருந்துதான் அறிமுகமானது. மலை ஓடைகளின் ஓரத்தில், உதிர்ந்த இலைகளுக்கும் வேர்களுக்கும் இடையே இருக்கும். முட்டைகளை ஆண் மீன் வாயில் வைத்து அடைகாக்கும். அதுவரைக்கும் அது சரியாக இரை எடுப்பதுகூட இல்லை. இந்த ஒன்றைச் சொன்னபோது மட்டும் கூட்டத்தில் ஒரு பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்த மீனுக்கும் விராலுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் ஒரு வசதி உண்டு. நீரில் உயிர்க்காற்று குறைந்தால் மேலே வந்து காற்றையே குடிக்கும். லோங்காங்கில் கப்பி மீன் துள்ளுவதைக் காட்டி, "மீன் இருக்கே சார், தண்ணி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கப்பி வெளியூர் மீன். நீரின் மேல்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே மூச்சை முடித்துக்கொள்ளும். அது துள்ளுவது தண்ணீருக்கு நற்சான்று ஆகாது. கல்லில் ஒட்டிய பாசியையும் பூச்சியையும் தின்று, நீரில் கரைந்த உயிர்க்காற்றையே நம்பி இருக்கும் சின்னக் கெண்டைகள்தான் முதலில் காணாமல் போகும். அவற்றுக்கு எதிரிகள் மூன்று: கல் இடுக்கை மூடும் சேறு, சூடான தாரிலும் சிமெண்டிலும் விழுந்து சூடேறி வரும் மழைநீர், அப்புறம் மழையின் முதல் பத்து நிமிடத்தில் கழுவி வரும் அழுக்கு. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையின் அந்த முதல் ஓட்டம்தான் மிக மோசம். எண்ணெய், பிரேக் தூள், கூரைத் தகரத்தின் துத்தநாகம், கரையான் மருந்தின் மிச்சம், எல்லாம் அதில் சேர்ந்து வரும்.

இங்கே ஒரு சின்னச் சண்டையைச் சொல்ல வேண்டும். சுவரொட்டி செய்த தம்பி இரண்டாவது சுவரொட்டியில் 'காடி டயர் மீனைக் கொல்கிறது' என்று போட்டிருந்தார். அவர் படித்தது உண்மைதான், ஆனால் அது வேறு ஊர் உண்மை. அமெரிக்காவின் சியாட்டல் பக்கம், முட்டையிட ஆறு ஏறி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பல வருடம் காரணம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் பதிலை வெளியிட்டார்கள். டயரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோனாக மாறுகிறது. அது ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே கோஹோ சாகிறது. ஆனால் எல்லா மீனும் அப்படிச் சாவதில்லை. சால்மன் குடும்பத்திலேயே சில தாங்குகின்றன. நம் மலை ஓடைக் கெண்டைக்கு அதைச் சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. சுவரொட்டியை எடுக்கச் சொன்னேன். தம்பிக்குக் கோபம். நாளைக்கு ஒரு டயர் கடைக்காரர் எழுந்து நின்று கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். எடுத்துவிட்டார்.

அந்தச் சியாட்டல் ஆய்வுகளிலிருந்து எங்களுக்கு உதவியது இன்னொரு செய்தி. சாலையில் ஓடி வந்த அதே நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்து ஊற்றியபோது மீன்கள் பிழைத்தன. நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே, மண் அதைப் பிடித்து வைக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எங்களுக்கு அந்த அளவு போதும்.

யாருடைய நிலம்?

14 மனைகளில் பத்து தரை வீடு, ஒரு மூலை வீடு, இரண்டு கடை, ஒரு காடி கழுவுமிடம். இவை போக, சந்துக்கு மேல் சரிவில் ஒரு பழத்தோட்டம். அதன் தண்ணீரும் எங்கள் லோங்காங்கில்தான் இறங்குகிறது.

வாசல் சிமெண்டில் கொஞ்சம் வெட்டி, மழைநீர் மண்ணில் வடியும் ஒரு பாத்தி போட இடம் கேட்டு, வீட்டில் இருப்பவர்தான் சொந்தக்காரர் என்று நினைத்துக் கதவு தட்டினோம். நான்கு வீட்டில் வாடகைக்காரர்கள். அவர்கள் அன்பாகத் தேநீர் கொடுத்தார்கள். ஆனால் சிமெண்டை உடைக்க அவர்களால் சரி சொல்ல முடியாது. ஒரு வீடு செத்துப்போன அப்பா பெயரிலேயே இருக்கிறது. ஐந்து பிள்ளைகள், ஐந்து ஊர், ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. அந்த வீட்டை முதல் மாதமே விட்டோம்.

சொந்தக்காரர்களே இருந்த வீடுகளிலும் ஒரு தயக்கம் இருந்தது. காரணம் புரிய எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. போர்ச்சை நீட்டிக் கூரை போட்டிருப்பார்கள், பின்பக்கம் சமையல்கட்டை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். கையில் அளவு நாடாவும் காகிதமும் வைத்துக்கொண்டு ஒருவன் வந்து 'கூரை எத்தனை சதுர அடி' என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? நான் மாநகர் மன்றத்து ஆள் என்று ஒரு வீட்டில் உறுதியாகவே நம்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து படிவத்தில் வீட்டு எண் எழுதுவதை நிறுத்தினோம். அளவு நாடாவை அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னோம். கணக்கு எழுதிய தாளையும் அவர்களிடமே விட்டுவிட்டு வந்தோம். நன்கொடை கேட்கும் படிவம், கையெழுத்துப் பட்டியல், வாட்சாப்பில் போடும் படம், மூன்றையும் விட்டோம். குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. படம் இல்லாமல் யாருக்கு என்ன காட்டுவது என்றார்கள். எனக்கு இதில் இப்போதும் சந்தேகமில்லை.

குடை

திருப்பம் மூலை வீட்டு டீச்சரால் வந்தது. தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்தவர், எழுபது தாண்டியவர், கணவர் இல்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, என் வீட்டுத் தண்ணி ஆத்துக்குப் போறதுன்னு சொல்றீங்க. நான் இந்த வீட்டுல நாற்பது வருஷம் இருக்கேன். போறதைப் பார்த்ததில்லையே."

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. குடை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கூரைக் குழாயிலிருந்து தொடங்கினோம். வாசல் லோங்காங், பக்கத்து வீட்டுக் கழுவுநீர் அதில் விழும் இடம், சந்து முனை, பெரிய லோங்காங், சாலையைக் கடக்கும் கல்வெர்ட்டு, அப்புறம் ஆறு. பதினைந்து நிமிட நடை. ஆற்றில் மேலிருந்து வரும் தண்ணீர் இன்னும் தெளிவாக இருந்தது. எங்கள் லோங்காங் விழும் இடத்தில் தேநீர் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு, கரையோரமாகவே இறங்கிப் போனது. டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் வெண்ணிறமாக நுரைத்த ஒரு கீற்றைக் காட்டி, "இது காலையில நான் மொசைக் கழுவினதா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன்.

திரும்பும்போதே எங்கே தோண்டலாம் என்று கேட்டார்.

அதன்பின் கூட்டமே போடவில்லை. மழை வரும்போது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம், கையில் இரண்டாவது குடை இருக்கும். ஒருவரோடு ஒருவர் மட்டும். சொற்பொழிவு கிடையாது. வீடுகளிலிருந்து நடந்தவர்கள் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் ஏதாவது செய்தார்கள். நடக்க வராத வீட்டுக்காரர்களில் ஒருவர்கூடச் செய்யவில்லை. சின்னச் சந்து, சின்ன எண்ணிக்கை, இதை வைத்துப் பெரிய முடிவு கட்டக் கூடாது. நடக்க ஒப்புக்கொள்கிறவர் ஏற்கெனவே பாதி மனம் வந்தவர் என்றும் சொல்லலாம். ஆனால் மூன்றாவது வீட்டு அண்ணன் மனமே வராதவர். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்னா முழம் என்னா. 2017ல கார் மிதந்துச்சு, இந்த லோங்காங்கைப் பார்த்து என்னா ஆவப்போவுது" என்றுதான் குடையைப் பிடித்தார். அந்த நவம்பர் 4 ராத்திரி 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது, அதற்கு எங்கள் பாத்தி பதில் இல்லை என்று அவரிடமே சொன்னேன். அப்படி ஒத்துக்கொண்டதால்தான் நம்பினேன் என்று பின்னால் சொன்னார்.

வடிபாத்தி

அந்தப் பாத்தியை மழைத்தோட்டம் என்று நான் சொன்னபோது சிரித்தார்கள். பள்ளம் என்றால் கொசு நினைவுக்கு வருகிறது. டீச்சர்தான் வடிபாத்தி என்று பெயர் வைத்தார். தண்ணீர் நிற்காது, வடியும் என்பது பெயரிலேயே இருக்கிறது. பெயர் பாதி வேலையைச் செய்தது.

தரை வீட்டில் வாசல் கதவை ஒட்டி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்குச் சிமெண்டை வெட்டி எடுத்தோம். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் அடித்தளத்தில் ஈரமும் கரையானும் பற்றிய பயம் நியாயமான பயம்தான். 15 செ.மீ. பள்ளம், அதற்குக் கீழ் 60 செ.மீ. ஆழத்துக்கு மணல் அதிகமும் மட்கு குறைவுமாகக் கலந்த மண். பள்ளத்தில் 450 லிட்டர், மண்ணின் இடைவெளிகளில் ஏறத்தாழ இன்னொரு 450 லிட்டர். மனையின் முன்பாதியிலிருந்து, அதாவது 65 சதுர மீட்டரிலிருந்து, வரும் மழையில் முதல் 14 மி.மீ.யை இது வாங்கிக்கொள்கிறது. மோசமான முதல் ஓட்டம் அதற்குள் அடங்கிவிடும். மீதி வழிந்து வழக்கம்போல் லோங்காங்குக்குப் போகும். 200 லிட்டர் டிரம் மட்டும் வைத்தால் 3 மி.மீ.தான். செடிக்கு ஊற்ற நல்லது, ஆற்றுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சியாட்டல் அளவை அப்படியே எடுத்திருந்தால் தோற்றிருப்போம். அங்கே ஆண்டு மழை இங்கே பெய்வதில் பாதிகூட இல்லை, அதுவும் தூறலாகப் பெய்வது.

செடி விஷயத்தில் பெண்கள் என்னைப் பேசவிடவில்லை. கல்வாழை, செராய் (எலுமிச்சைப் புல்), பாண்டான், ஓரத்தில் வெட்டிவேர். வெயிலிலும் நிற்கும், ஒரு நாள் தண்ணீரிலும் நிற்கும். மண் அரிப்பைத் தடுக்க உலகமெங்கும் நடப்படும் அந்தப் புல்லுக்கு ஆங்கிலத்திலும் நம் பெயர்தான் என்று டீச்சர் எல்லோரிடமும் சொன்னார். எனக்கே அது அவர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது பாத்தியில் வழுக்கினோம். டீச்சர் வீட்டில் மண் நன்றாகக் குடித்ததால் அடுத்த வீட்டில் சோதித்துப் பார்க்காமலே தோண்டினோம். மழை நின்று மூன்று நாள் தண்ணீர் நின்றது. வீடு கட்டியவர் இடிந்த செங்கல்லையும் களிமண்ணையும் அங்கேயே போட்டு உருளையால் அமுக்கியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா ஏடிஸ் பயத்தில் ஆரோக்கிய இலாகா கொடுத்த அபேட் மணலைத் தூவிவிட்டார். ஆற்றைக் காப்பாற்றத் தோண்டிய பள்ளத்தில் பூச்சி மருந்து! அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும், லார்வா கண்டால் அபராதம் அவர் பெயரில்தான் வரும்.

பாத்தியைத் திரும்பத் தோண்டினோம். அடியில் சரளைக் கல், அதற்குள் துளையிட்ட குழாய், குழாயின் மறுமுனை லோங்காங்கில். அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டோம். தோண்டும் இடத்தில் முதலில் ஒரு அடிக் குழி, அதில் ஒரு வாளி தண்ணீர். மறுநாள் அதே நேரத்துக்குள் வற்றாவிட்டால் அங்கே குழாய் இல்லாமல் பாத்தி இல்லை. இந்தச் சோதனையைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தார்கள். எங்களை நம்பாத வீடுகளில்கூட இதைச் செய்ய விட்டார்கள். காசும் இல்லை, காகிதமும் இல்லை.

நம்பிக்கை தளர்ந்த நேரத்தில் நால்வரை நிபோங் தெபால் அழைத்துப் போனேன். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் 2003இலிருந்து முழு வளாகத்து மழைநீரும் புல் வாய்க்கால்களிலும் அவற்றுக்குக் கீழே மண்ணில் புதைத்த அடுக்குகளிலும் ஊறி, குளங்களுக்குப் போகிறது. சிமெண்டு லோங்காங்கே இல்லாத இடம். அங்கே கேட்ட ஒரே கேள்வி, புல் வெட்டுவது யார், எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதுதான். வீட்டுக்காரருக்குப் பராமரிப்புதான் கணக்கு.

கழுவுமிடம்

எங்கள் சந்தில் ஆற்றுக்கு மிகப் பெரிய சுமை காடி கழுவுமிடம். நடத்துவது ஒரு தமிழ்த் தம்பி, நிலம் வேறொருவருடையது. சொந்தக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவரோடு மழையில் நடக்க வழியில்லை. அவருடைய சின்னம்மா எங்கள் சந்தில் இருந்ததால் தொலைபேசி எண் கிடைத்தது.

தம்பி தயாராக இருந்தார். கழுவும் இடத்தைச் சுற்றி ஒரு சின்னத் தடுப்பு, நுரைத் தண்ணீர் ஒரு தொட்டிக்குள் போய்ச் சேறும் எண்ணெயும் நின்றபின் மணல் வழியாக இறங்க வேண்டும். "அண்ணே, நான் போட்டுட்டு ஒரு வருஷத்துல இடத்தைக் காலி பண்ணச் சொன்னா என் காசு போச்சு" என்றார். சிங்கப்பூர்க்காரர் சொன்னது இதன் மறுபக்கம்: "நான் போட்டுக் கொடுத்துட்டு அவன் ஓடிட்டா?" இரண்டும் சரிதானே. கடைசியில் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்தவில்லை. அது என் பிழை.

ஏழு மாதம் நன்றாக ஓடியது. தீபாவளிக்கு முன் காடிகள் வரிசை கட்டியபோது தொட்டியைச் சுத்தம் செய்ய நேரமில்லை, சேறு நிறைந்து வழிந்தது. அடுத்த மார்ச்சில் தம்பி வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். புதிதாக வந்தவர் தடுப்பு காடி ஏற இடைஞ்சல் என்று உடைத்துவிட்டார். பாழானது ஒரே நாளில்.

கடைகள் இரண்டில் ஒன்று மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. எண்ணெய்ப் பொறி ஏற்கெனவே இருந்தது, அதை வாரம் ஒரு முறை திறந்து வழிப்பதுதான் நடக்கவில்லை. கடைக்காரர் நடந்து வந்தார், பார்த்தார், மறுநாளிலிருந்து வழிக்கிறார். அவ்வளவுதான் கதை.

தைப்பூசத்துக்கும் ஒரு வரி இருக்கிறது. தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதமும் 2017இலிருந்து தங்க ரதமும் வரும் வழியெங்கும் உடைபடும் தேங்காயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதைக் குறைக்கச் சொல்லிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பேசி வருவதைத் தமிழர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் கை எட்டியது சந்து முனைத் தண்ணீர்ப் பந்தலுக்கு மட்டும். சட்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீர் லோங்காங்கில் போனது. இப்போது ஒரு பீப்பாயில் போகிறது. பிள்ளைகளோடு ஒரு முறைதான் நடக்க வேண்டியிருந்தது.

சரிவுத் தோட்டம்

நான் மிகப் பயந்து போனது பழத்தோட்டத்துக்குத்தான். தவ்கே, அதாவது தோட்ட முதலாளி, ஒரு முதியவர். என் ஹொக்கியன் சீனம் சந்தைக்குப் போய்வரும் அளவுதான், அவர் தமிழ் அதைவிடக் கொஞ்சம் மேல். மழை நடை பற்றிச் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் ஐம்பது வருடமாக மழையில்தான் நடக்கிறார். "தானா லாரி, டுரியான் மாத்தி" என்றார் மலாயில். மண் ஓடினால் மரம் செத்தது. ஒவ்வொரு பெருமழைக்கும் போட்ட உரம் மண்ணோடு இறங்கி எங்கள் லோங்காங்கை மூடுவது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவருடைய பயம் வேறு. பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள மலை நிலத்துக்குக் கட்டுப்பாடு அதிகம். தன் பாதை வெட்டையும் குடிசையையும் யாராவது படம் எடுத்து எங்காவது அனுப்பிவிடுவார்களோ என்று. படம் இல்லை, பெயர் இல்லை, உயரம்கூட எழுத மாட்டோம் என்றேன். டீச்சர் வீட்டு வெட்டிவேரிலிருந்து பிரித்தெடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாக இரண்டு வரிசை நட்டார். மூன்றாவது வரிசைக்குக் கன்று கேட்டு அவரே ஆள் அனுப்பினார். 14 மனையில் நாங்கள் செய்தது எல்லாவற்றையும்விட அந்த இரண்டு வரிசை லோங்காங்கில் சேற்றைக் குறைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தூர்வார வருகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நாங்கள் எதை ஒழுங்காகச் செய்யவில்லை என்று கேட்டால், முதலிலேயே மேலே போயிருக்க வேண்டும். சுவரொட்டியை எடுத்துக்கொண்டு கீழே கதவு தட்டிய ஒரு வருடம் தண்டம்.

இன்றைய நிலை

போட்ட ஆறு பாத்திகளில் நான்கு வேலை செய்கின்றன. ஒன்றை வீடு விற்றபோது புதுச் சொந்தக்காரர் மூடி டைல்ஸ் போட்டார். இன்னொன்றில் காடி நிற்கிறது.

மீன் கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் ஒரு சந்தால் ஆற்றில் கூடியது என்று காட்ட முடியாது. அதற்கு மேலும் கீழும் எத்தனையோ சந்துகள். நான் பார்ப்பது ஒன்றைத்தான். எங்கள் லோங்காங் விழும் இடத்தில், முழங்கால் ஆழத்தில், தட்டையான ஒரு கல் இருக்கிறது. மழை நின்ற மறுநாள் காலையில் அந்தக் கல் தெரிகிறதா? முன்பு இரண்டு மூன்று நாள் ஆகும். இப்போது பெரும்பாலும் மறுநாளே தெரிகிறது. கல் மேல் பாசி பிடித்திருக்கிறது, சின்னக் கெண்டைகள் வந்து கொத்துகின்றன. அவை எங்களால் வந்தவையா, மேலிருந்து தற்செயலாக இறங்கியவையா, சொல்லத் தெரியாது.

காடி கழுவுமிடத்துப் புதுக்காரரிடம் போன வாரம் பேசினேன். உடைத்தது தெரியாமல் செய்தது என்றார். அடுத்த மழைக்கு வருகிறீர்களா என்றேன். வருகிறேன், ஆனால் குடை இல்லை என்றார். வீட்டில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.